நூற்றுப் பத்தாவது மீட்டர்

மன்னிப்புக் கடிதத்தில் நாலே வரிதான் இருந்தது. அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. போட்டோகிராபர் அந்தக் கோட்டின் மேல் தன் டீ கிளாஸை வைத்தாள்.

"லென்ஸ் துடைக்கக்கூட லாயக்கில்லாத காகிதம்," என்றாள். "நான் போட மாட்டேன், மேடம்."

அவள் மேடம் என்று கூப்பிட்டவருக்கு ஊரில் சர்வேயர் என்று பெயர். இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, நனைந்த குடோன் என்று நஷ்டத்தை அளந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் அவர் கணவரின் தம்பி. காதில் விழுந்தது வாயைத் தாண்டாமல் இருக்காது என்பதால் சின்ன வயதில் தந்தி என்று பெயர் விழுந்து, நாற்பதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணியின் ஸ்கூட்டரை ஓட்டுவதும் கேட்காமலே கருத்துச் சொல்வதும் அவன் உத்தியோகம்.

"போடலைன்னா என்ன பண்ணுவாங்களாம்?" என்றான் தந்தி.

"நாளைக்குப் பத்து மணி விசாரணையில நான் சுவரேறிக் குதிச்ச திருடின்னு கம்பெனிக்காரங்க சொல்வாங்க. போட்டா, கேஸ் இல்ல. படம் பொய்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிடும். அவ்வளவுதான்."

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்று தீப்பிடித்து, பதினாலு தொழிலாளிகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். பின்பக்க அவசரக் கதவு பூட்டியிருந்தது என்றார்கள் அவர்கள். அது எந்நேரமும் திறந்தே இருக்கும் என்றது நிர்வாகம். தீ விபத்துக்கு இரண்டு நாள் முன்னால் போட்டோகிராபர் எடுத்த படம் ஒன்று, பத்திரிகை ஆசிரியரின் மேஜை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்து, விபத்துக்கு மறுநாள் வெளியானது. கதவு, அதன் குறுக்கே சங்கிலி, பூட்டைப் பூட்டுகிற ஒரு காக்கிச் சட்டைக்காரனின் முதுகு. முகம் தெரியவில்லை. காலருக்குக் கீழே சட்டையில் சதுரமாக ஒரு ஒட்டு மட்டும் தெரிந்தது.

"காக்கிச் சட்டை எந்தக் கடையிலயும் கிடைக்கும்னு அவங்க வக்கீல் சொல்றார்," என்றாள். "நானே ஆளையும் சங்கிலியையும் கூட்டிட்டுப் போய் நாடகம் ஆடினேனாம்."

"உள்ளே போனீங்கன்னு எதை வெச்சு சொல்றாங்க?" என்று கேட்டார் சர்வேயர்.

"கேமராவை வெச்சே. எந்த லென்ஸ்ல எடுத்தோம்னு கேமரா ஃபைல்ல எழுதி வெச்சிடும். இதுல முந்நூறு மில்லின்னு இருக்கு. முந்நூறுல கதவு இவ்வளவு பெரிசா விழணும்னா ஐம்பத்தஞ்சு மீட்டர்ல நிக்கணும்னு அவங்க நிபுணர் கணக்குப் போட்டிருக்கார். சுற்றுச்சுவரோ கதவுலேருந்து எண்பது மீட்டர். அப்போ நான் சுவருக்கு உள்ளே நின்னேன்னு ஆகுது."

"கணக்கு சரியா?"

"கணக்கு சரி. ஆனா நான் டெலிகன்வெர்ட்டர் போட்டிருந்தேன், மேடம். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டற குட்டிக் குழாய். ரெண்டு மடங்கு. முந்நூறு அறுநூறா ஆயிடும்."

"அதைக் காட்டிட்டாப் போச்சே," என்றான் தந்தி.

"தொலைஞ்சு போச்சு."

பதில் கேள்வியின் காலை மிதித்துக்கொண்டு வந்தது. சர்வேயர் அதைக் கவனித்தார்.

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"மேம்பாலத்து மேலேருந்து."

*

கேமரா ரிப்பேர்க்காரரின் கடை இரண்டு ஆள் பக்கவாட்டில் திரும்பினால் மூன்றாவது ஆள் வெளியே போகவேண்டிய அளவு. தந்தி வாசற்படியில் நின்றான். போட்டோகிராபருக்கு அந்தக் கன்வெர்ட்டரை விற்றது தான்தான் என்று ரிப்பேர்க்காரர் உடனே ஒத்துக்கொண்டார்.

"பழைய உருப்படிங்க. வேற கம்பெனி செய்தது. கண்ணாடி நல்லாவே இருக்கும். ஆனா கேமராகிட்ட பேசாது."

"மத்ததெல்லாம் பேசுமா?" என்றான் தந்தி.

"புதுசெல்லாம் பேசும். 'நான் நடுவுல இருக்கேன், ரெண்டால பெருக்கிக்கோ'ன்னு கேமராவுக்குச் சொல்லிடும். இது லென்ஸ் சொல்றதை அப்படியே கடத்திவிட்டுட்டு வாயை மூடிக்கும். அதனால கேமரா முந்நூறுன்னுதான் எழுதும்."

"அண்ணி, கேட்டீங்களா? நடுவுல நின்னுக்கிட்டு வாயைத் திறக்காத சாதியும் உலகத்துல இருக்கு."

"அதைப் பார்த்து நீ கத்துக்கலாம்," என்ற சர்வேயர் இரண்டு பிரிண்ட்களை மேஜையில் பரப்பினார். "இது ரெண்டும் அஞ்சு நிமிஷ இடைவெளியில எடுத்தது. முதல் படத்துல கதவு சின்னதா இருக்கு, ஆள் இல்ல. ரெண்டாவதுல கதவு ரெண்டு மடங்கு, ஆள் பூட்டறான். முதல் படத்தை வெளியே எடுத்துட்டு, சுவரேறி உள்ளே வந்து ரெண்டாவதை எடுத்தாங்கன்னு எதிர்த்தரப்பு சொல்லுது. கன்வெர்ட்டர் நடுவுல இருந்துச்சுன்னு இந்தப் படமே சொல்லுமா?"

ரிப்பேர்க்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஃபைல் விவரம் எழுதிய சீட்டைப் பார்த்தார். பார்த்தவர் மெல்லச் சிரித்தார்.

"கன்வெர்ட்டர் சும்மா பெரிசாக்கிக் குடுக்காதுங்க. வெளிச்சத்தை வாங்கிக்கும். ரெண்டு மடங்கு கன்வெர்ட்டர்னா நாலுல ஒரு பங்குதான் உள்ளே விடும். கேமரா உள்ளே வந்த வெளிச்சத்தை அளந்து, பத்தலைன்னா அதிக நேரம் திறந்து வெச்சு ஈடுகட்டும். பாருங்க. முதல் படம் ஒரு செகண்ட்ல ரெண்டாயிரத்துல ஒரு பங்கு நேரம். அடுத்தது ஐந்நூறுல ஒரு பங்கு. மத்த செட்டிங் எதுவும் மாறல. சரியா நாலு மடங்கு."

"மேகம் மறைச்சிருக்கும்னு வக்கீல் சொல்வாரே," என்றான் தந்தி.

"சொல்லட்டும்," என்றார் சர்வேயர். "சங்கிலியோட நிழலைப் பார். ரெண்டு படத்துலயும் கதவு மேல கத்தியால கீறின மாதிரி விழுந்திருக்கு. மேகம் வந்தா இந்த நிழல் இருக்குமா?"

தந்தி வாசற்படியிலிருந்தே எட்டிப் பார்த்துத் தலையாட்டினான்.

சர்வேயர் கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். கதவுக்கு முன்னால், முற்றத்தில், ஒரு விளக்குக் கம்பம் நின்றது. முதல் படத்தில் கம்பத்தின் அகலம் ஐந்து மில்லி, கதவு இருபத்திரண்டு. இரண்டாவதில் கம்பம் பத்து, கதவு நாற்பத்து நாலு.

"தந்தி, என் பக்கமா நடந்து வா. முதல்ல எது பெரிசாகுது? என் கையில இருக்கற ஸ்கேலா, எனக்குப் பின்னால இருக்கற காலண்டரா?"

வாசலிலிருந்து இரண்டே அடி வைக்கத்தான் இடம் இருந்தது. "ஸ்கேல், அண்ணி. முன்னால இருக்கறதுதான் மூஞ்சிக்கு நேரா வருது."

"நடந்து கிட்டப் போயிருந்தா கம்பம் கதவைவிட வேகமா பெருத்து, பத்தைத் தாண்டியிருக்கும். இதுல ரெண்டும் கையைக் கோத்துக்கிட்டு ஒரே அளவுல வளர்ந்திருக்கு. இவ ஒரு அடிகூட நகரல. நின்ன இடத்துலயே நின்னு, நடுவுல கண்ணாடியை மாட்டியிருக்கா." ஸ்கேலைப் பைக்குள் போட்டார். "ஐம்பத்தஞ்சை ரெண்டால பெருக்கு. நூத்துப் பத்து மீட்டர். சுவருக்கு முப்பது மீட்டர் வெளியே."

"அப்போ ஜெயிச்சாச்சு."

"எந்த இடத்துல நின்னான்னு கேட்பாங்களே. மேம்பாலத்துக்கு விடு வண்டியை."

*

மேம்பாலத்தின் மேல் ஸ்கூட்டரை ஓரம்கட்டிவிட்டு சர்வேயர் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நடந்தார். தொழிற்சாலையின் பின்முற்றம் கீழே தெரிந்தது. கரி பிடித்த கதவு, அதற்கு முன்னால் அதே விளக்குக் கம்பம். பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போனார். திரும்பி வந்தார். முகம் மாறியிருந்தது.

"படத்துல கம்பம் கதவோட கீலை மறைக்குது. இங்கே எங்கே நின்னாலும் கம்பம் கதவை விட்டு நாலு கஜம் தள்ளியே நிக்குது. லென்ஸை மாத்தலாம், கன்வெர்ட்டரை மாத்தலாம். நிக்கற இடத்தை மாத்தாம இதை மாத்த முடியாது."

"அப்படின்னா?"

"நம்மகிட்ட பொய் சொல்லியிருக்கா."

தந்தி விசிலடிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். சர்வேயர் ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஒரு வரைபடத்தை விரித்தார். இன்ஷூரன்ஸ் காலத்தில் அந்தத் தொழிற்சாலைக்கும் சுற்றுப்புறத்துக்கும் அவரே போட்டது. கீல் இருக்கும் புள்ளியில் ஒரு ஊசி. அங்கிருந்து கம்பத்தின் மேலாக ஒரு நூலை இழுத்து, சுவரைத் தாண்டி நீட்டினார். நூற்றுப் பத்து மீட்டர் அளந்த இடத்தில் அவர் விரல் நின்றது. பின்தெருவில் மூன்றாவது வீடு.

"இந்த மூலையில நீலமா ஒரு தீற்றல் இருக்கே," என்று படத்தைக் காட்டினார். "முற்றத்துல கிடக்கற டிரம்முன்னு எதிர்த்தரப்புல சொன்னாங்க. டிரம்மா இருந்தா விளிம்பு தெரியும். இவ்வளவு கலங்கித் தெரியணும்னா லென்ஸுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கணும். துணி. கொடியில காயற துணி. மொட்டை மாடி."

போட்டோகிராபருக்கு போன் போட்டார். "நீங்க மேம்பாலத்துல நிக்கவே இல்ல. பின்தெரு, மூணாவது வீடு. சரியா?"

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"மேடம், அந்த வீட்டுக்குப் போகாதீங்க," என்றாள் போட்டோகிராபர். காலையில் டீ கிளாஸை வைத்த குரல் இல்லை அது. "அந்தக் கடிதம் இன்னும் என்கிட்டதான் இருக்கு. வேணும்னா கையெழுத்துப் போட்டுடறேன். அவங்களை இழுக்காதீங்க."

லைன் அறுந்தது.

"செத்தாலும் போட மாட்டேன்னாளே," என்றான் தந்தி.

"தனக்குன்னு வந்தப்போ போட மாட்டேன்னா. யாரையோ காப்பாத்தப் போடறேங்கறா. அது யாருன்னு தெரியாம நாளைக்கு நான் அந்த ரூமுக்குள்ள போக முடியாது."

*

மூன்றாவது வீட்டு வாசலில் 'தையல்' என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம். தந்தி தன் சட்டையின் நடுப் பட்டனை ஒரே இழுப்பில் பிய்த்தான். "உள்ளே போக டிக்கெட், அண்ணி."

தையல்காரி முப்பத்தைந்து வயதுக்காரி. கழுத்தில் அளவு டேப் தொங்கியது. சட்டையை வாங்கிப் பார்க்காமலே, நின்ற வாக்கில் தந்தியின் மார்பை ஒரு கணம் பார்த்தாள்.

"இது பிய்ஞ்ச பட்டன் இல்ல. பிச்ச பட்டன். நூல் நுனி இப்போதான் அறுந்தது. யார் நீங்க?"

தந்தி அண்ணியைப் பார்த்தான். சர்வேயர் சிரித்துவிட்டார். பிறகு பொய் சொல்லாமல், தான் யார், யாருக்காக வந்தோம் என்று சொன்னார். போகாதே என்று போட்டோகிராபர் தடுத்ததையும், கையெழுத்துப் போடத் துணிந்ததையும் சேர்த்தே சொன்னார்.

தையல்காரி மிஷினை நிறுத்தினாள். "எனக்காகவா போடறேங்கறா?"

"உங்களுக்காகத்தான்னு நினைக்கிறேன். ஏன்னு தெரியல."

அவள் மிஷினின் டிராயரை இழுத்தாள். பாபின்களுக்கும் ஊக்குகளுக்கும் நடுவே, பழைய துணியில் சுற்றி, உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கறுப்புக் குழாய். இரு முனையிலும் கண்ணாடி.

"மாடியில படம் எடுத்து முடிச்சு இதைக் கழட்டிட்டிருந்தப்போ என் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு வந்துட்டார். அந்தப் பொண்ணைப் பின்படி வழியா அனுப்பினேன். இது இங்கேயே நின்னுடுச்சு. இனிமே இந்தத் தெருப் பக்கமே வரக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

"கூப்பிட்டது நீங்களா?"

"நான்தான். என் தங்கச்சி அந்தக் கம்பெனியிலதான் பெட்டி மடிக்கிறா. ஆளுங்க பின்பக்கமா நழுவிடறாங்கன்னு தினமும் பூட்டறாங்கக்கா, பயமா இருக்குன்னு அழுதா. சொல்ல வேண்டியவர்கிட்ட எல்லாம் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேக்கல. பத்திரிகைக்கு போன் பண்ணினேன். படம் வர்றதுக்குள்ள நெருப்பு வந்துடுச்சு." அவள் குழாயைத் துணியோடு எடுத்து மிஷின் மேல் வைத்தாள். "கதவைத் தட்டித் தட்டியே அவ ரெண்டு கையும் வெந்து போச்சு."

"அப்போ நீங்க வந்து சொன்னா..." என்று ஆரம்பித்த தந்தி பாதியில் நின்றான். திறந்திருந்த பின்கதவு வழியே மாடிப்படி தெரிந்தது. படிக்கட்டுக் கம்பியில் ஒரு காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. காலருக்குக் கீழே சதுரமாக ஒரு ஒட்டு.

சர்வேயரும் பார்த்துவிட்டார். இரண்டு பேருமே தையல்காரியின் பக்கம் திரும்பினார்கள்.

"ஒட்டுப் போட்டது நான்தான்," என்றாள் அவள். "பூட்டினது என் வீட்டுக்காரர். சொல்ல வேண்டியவர்னு சொன்னேனே, அதுல முதல் ஆள் அவர்தான். இப்போ புரியுதா அந்தப் பொண்ணு ஏன் வாயைத் திறக்கலைன்னு?"

வாசலில் நிழல் விழுந்தது. கையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு மனிதர் நின்றிருந்தார். எத்தனை நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. தந்தி அனிச்சையாக அண்ணிக்கு முன்னால் வந்து நின்றான்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. மிஷின் மேல் இருந்த குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுலதான் என்னைப் பிடிச்சீங்களா?" என்று மனைவியைக் கேட்டார்.

"ஆமா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"நாலு தடவை சொன்னேன். மேலேருந்து சொல்றாங்க, நான் என்ன பண்ணன்னு நாலு தடவையும் கேட்டீங்க." அவள் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மிஷின் மேல் வைத்தாள். "நாளைக்குப் பத்து மணிக்கு நான் போறேன். என் மாடி, நான்தான் ஏத்திவிட்டேன், பூட்டினது இன்னார்னு சொல்லப் போறேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுல எனக்கு இடம் இல்லைன்னா மிஷினைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து தைப்பேன். என் தங்கச்சிக்குக் கஞ்சி ஊட்டறதுக்கு அங்கே ஒரு ஆள் வேணும்."

அவர் குழாயை, முட்டையை வைப்பதுபோல் பழைய துணியின் மேல் திரும்ப வைத்தார். சாப்பிடாமலே வெளியே போனார்.

"போய் மேனேஜர்கிட்ட சொல்லிடுவாரோ?" என்றான் தந்தி.

"தெரியல," என்றாள் தையல்காரி. "பதினஞ்சு வருஷமா தெரிஞ்ச மனுஷன். இன்னைக்குத் தெரியல."

*

விசாரணை அறையில் நீளமான மேஜை. அந்தப் பக்கம் தொழிற்சாலை மேனேஜரும் வக்கீலும் நிபுணரும். இந்தப் பக்கம் சர்வேயர், போட்டோகிராபர், தையல்காரி. போட்டோகிராபர் தையல்காரியின் கையைப் பிடித்தபடியே இருந்தாள்.

சர்வேயர் குழாயை மேஜையில் வைத்தார். நிழலையும் கம்பத்தையும் கீலையும் பத்தே நிமிஷத்தில் சொல்லி முடித்தார். விசாரணை அதிகாரி நிபுணரைக் கேட்டார். "இவங்க சொல்ற கணக்குல தப்பு இருக்கா?" நிபுணர் வக்கீலைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். "இல்லைங்க," என்றார். தையல்காரி எழுந்து, தன் மாடியில்தான் எடுத்தது என்று சொன்னாள்.

வக்கீல் சளைக்கவில்லை. "சரி, வெளியே நின்னுதான் எடுத்தாங்கன்னே வெச்சுக்குவோம். பூட்டறவன் எங்க ஆளுன்னு என்ன நிச்சயம்? முதுகுக்கு முகவரி இருக்கா?"

தையல்காரி வாய் திறப்பதற்குள் அறையின் பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அவள் கணவர் எழுந்து நின்றார். எப்போது வந்து உட்கார்ந்தார் என்று யாருக்கும் தெரியாது.

"நான்தாங்க அது."

மேனேஜர் சட்டென்று திரும்பினார். "யோசிச்சுப் பேசு. உன் வேலை போயிடும்."

"சாவி என்கிட்டதான் இருந்துச்சு, சார். தீப்பிடிச்சப்போ நான் முன் கேட்டுல நின்னேன். ஓடி வந்து பூட்டைத் திறக்க ஏழு நிமிஷம் ஆச்சு. உள்ளேருந்து என் மச்சினி மாமா மாமான்னு கூப்பிட்டா." அவர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "அந்த ஏழு நிமிஷத்துக்குப் பதில் சொல்ல வந்திருக்கேன். வேலையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

தையல்காரி திரும்பி அவரைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த காலி நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார். "பூட்டச் சொன்னது யாரு?"

தையல்காரியின் கணவர் விரலை நீட்டவேண்டிய தேவையே இருக்கவில்லை. மேனேஜர் ஏற்கெனவே ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்து, பாதி தூரம் போயிருந்தார்.

"கதவு திறந்துதான் இருக்கு, சார்," என்றார் சர்வேயர் உட்கார்ந்த இடத்திலிருந்தே. "ஆனா நீங்க உக்காருங்க."